பிள்ளைகள் போன பிறகு: பெரிய வீட்டிலேயே இருப்பதா, சிறிய வீட்டுக்கு மாறுவதா?

மாடிப்படியின் முதல் படியில் பொருள்கள் சேர ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மடித்து வைத்த துணி, மாடிக் குளியலறைக்கு வாங்கிய சோப்பு, படித்து முடித்த புத்தகம். மேலே போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று வைத்தது. முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிடும். இப்போது இரண்டு நாள் அங்கேயே கிடக்கிறது. வாய்விட்டுச் சொல்லாமலே இருவரும் மாடியைக் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளும் தனிக்குடும்பமாகிப் போன பிறகு, இந்தக் கேள்வி எப்படியும் வந்து நிற்கும். இதே வீட்டில் காலத்தை ஓட்டுவதா, இதை விற்றுவிட்டு அடக்கமாக ஒன்று பார்த்துக்கொள்வதா? பெரும்பாலும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். ஒருவருக்குப் பெருக்கித் துடைத்து மாளவில்லை. இன்னொருவருக்கு விற்பது என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. பிள்ளைகள் போனில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வீடா, சிறிய வீடா என்று கேட்டால் இந்தப் பேச்சு முடியவே முடியாது. இன்னும் 15 ஆண்டு கழித்து, இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது, அந்த ஒருவரால் எந்த வீட்டில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு இருக்க முடியும்? இப்படிக் கேட்டால் பாதி விஷயம் தானாகத் தெளிந்துவிடும்.

அந்த ஒருவர் யார் என்பதையும் கூச்சப்படாமல் யோசித்துவிடலாம். உலகச் சராசரியில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 5 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். மனைவிக்கு வயதும் குறைவு என்றால், அவர் தனியே இருக்கப்போகும் காலம் இன்னும் நீளம். ஆனால் பல வீடுகளில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முடிவெடுக்கிறார். கடைசியில் அந்த முடிவோடு குடித்தனம் நடத்தப்போகிறவர் வேறொருவர். வாக்கெடுப்பு நடத்தினால், மனைவியின் ஓட்டை இரண்டாக எண்ணுங்கள் என்பேன். கணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு அப்படித்தான் வருகிறது.

பணம் மிஞ்சுமா?

சிறிய வீட்டுக்கு மாறினால் கையில் நிறையப் பணம் நிற்கும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. சில சமயம் நிற்கும். பல சமயம் நிற்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இப்போதைய வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். தரகு, வரி, விற்பதற்கு முன் செய்யும் வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுதுகள் எல்லாம் சேர்ந்து 5 போய்விடும். கைக்கு வருவது 95. புதிய வீடு 65 என்றால், பதிவுச் செலவு, அலமாரி, விளக்கு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி என்று இன்னொரு 6. ஆக 71. மிச்சம் 24.

இந்த 24 ஆண்டுக்கு எவ்வளவு தரும்? நிதி ஆலோசகர்கள் அடிக்கடி சொல்லும் 4 சதவீத விதி 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. சேமிப்பைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்து வைத்து, முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் அதைக் கூட்டிக்கொண்டே போனால், குறைந்தது 30 ஆண்டு தாங்கும் என்று அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை வைத்துக் காட்டினார். எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தோராயமாகப் பார்க்க உதவும், அவ்வளவுதான். அதன்படி 24-க்கு ஆண்டுக்கு சுமார் 1 வரும்.

பராமரிப்பிலும் மிச்சம் உண்டு. வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. மதிப்பில் பெரும்பகுதி மனைக்குத்தான் என்றால், கட்டடத்தின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண் ஒழுகாது, கூரைதான் ஒழுகும். சிறிய வீட்டில் இது குறையும். அது அடுக்குமாடியாக இருந்தால் மாதா மாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

இப்போது அதே கணக்கில் புதிய வீட்டின் விலையை 85 என்று மாற்றிப் போடுங்கள். செலவோடு 91. மிச்சம் 4. அதிலிருந்து ஆண்டுக்கு வருவது 0.16. இதற்காகவா வீட்டை விற்று, சாமானைக் கட்டி, முகவரி மாற்றி இவ்வளவு பாடு? இது கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஊர் ஓரத்தில் இருக்கும் பழைய பெரிய வீட்டை விற்றுவிட்டு, மருத்துவமனைக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்தில் லிஃப்ட் வசதியோடு புதிய வீடு தேடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். இடம் பாதியாகும், விலை பாதியாகாது.

என் அளவுகோல் இது: செலவெல்லாம் போகப் பழைய விலையில் ஐந்தில் ஒரு பங்காவது கையில் நிற்காவிட்டால், பணத்துக்காக மாறவேண்டாம். வேறு காரணம் இருந்தால் மாறலாம். அப்போது அந்தக் காரணத்தை அதன் பெயரிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. மேலே சொன்ன 5-ம் 6-ம் சேர்ந்து 11, வெறும் மாறும் செலவு. கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை கட்டி, கைப்பிடி பொருத்தி, விளக்குகளைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே ஆகும். ஆகவே இருக்கும் வீட்டைச் சரிசெய்ய ஆகும் செலவையும் மாறும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பலர் முதலாவதைச் செலவு என்றும் இரண்டாவதை முதலீடு என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே செலவுதான்.

இருப்பதென்றால்

அதே வீட்டில் இருப்பது என்று முடிவெடுப்பவர்கள் செய்யும் தப்பு, எதையும் மாற்றாமல் இருப்பது. எங்கேயும் போகப்போவதில்லை என்றால் எதையும் செய்யவும் வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. ஐம்பது வயதுக்காரருக்குக் கட்டிய வீடு எண்பது வயதுக்காரருக்கு அப்படியே பொருந்தாது.

கீழே விழுவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். வயது வாரியாகப் பார்த்தால் 60-ஐத் தாண்டியவர்களே இதில் அதிகம். விழுவது ஏதோ மலையிலிருந்து இல்லை. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில், குளியலறையில், படியில்.

உங்கள் வீட்டில் அந்த ராத்திரிப் பாதையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விளக்கு சுவிட்ச் கட்டில் பக்கம் இருக்கிறதா, அறையின் மறுகோடியில் கதவோரமா? வழியில் ஓரம் மடங்கிய மிதியடி கிடக்கிறதா? குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு தடுப்பு எழுப்பியிருப்பார்கள். தூக்கத்தில் நடக்கும் கால் அதில்தான் இடிக்கும். உள்ளே போனதும் கை எதைப் பிடிக்கிறது? பெரும்பாலும் துண்டு போடும் கம்பியை. அது துண்டைத் தாங்கத்தான் மாட்டியது. ஒரு ஆளின் பாரம் விழுந்தால் திருகாணியோடு கையில் வந்துவிடும். சுவரில் ஆழமாகத் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி, தரையிலிருந்து ஏறக்குறைய 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் வேண்டும். கழிப்பறைப் பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று.

வெளிச்சமும் முக்கியம். 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதில் சென்றடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கண்மணி சுருங்கி, லென்ஸ் மஞ்சளித்துவிடுவதுதான் காரணம். பல்ப் மாற்றுவது மலிவான வேலை, ஆனாலும் எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான். படிகளிலும் நடையிலும் இரட்டிப்பு வெளிச்சம் போடலாம், தப்பே இல்லை.

சக்கர நாற்காலியைப் பற்றி இப்போதே நினைக்க யாருக்கும் பிடிக்காது. அளவு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தால் சுமார் 81 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய குளியலறைக் கதவுகள் பல இதைவிடக் குறுகல். நாற்காலி திரும்ப 5 அடி விட்டம் வேண்டும். வாசலில் சாய்தளம் போட்டால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வீட்டு வாசல் மூன்று அடி உயரம் என்றால் 36 அடிச் சாய்தளத்துக்கு இடம் எங்கே? இந்த ஒரு கேள்வியிலேயே சில வீடுகளின் கதை முடிந்துவிடும். நல்ல வீடாக இருக்கலாம், எண்பது வயதுக்கு ஆகாது.

கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு சமையலறை என்று அமைத்துக்கொள்ள முடிகிற வீடு என்றால் இருப்பவர்கள் பக்கமே என் ஓட்டு. மாடியைப் பூட்டி வைக்கலாம். தனி வழி இருந்தால் நம்பகமான யாருக்காவது வாடகைக்கும் விடலாம். வருமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரியில் வீட்டில் இன்னொரு மனித நடமாட்டம் இருப்பதே பெரிய தெம்பு.

பணத்தில் எழுத முடியாத ஒன்றும் பழைய வீட்டின் கணக்கில் உண்டு. காலை ஒன்பது மணியாகியும் உங்கள் கதவு திறக்கவில்லை என்றால் எட்டிப் பார்க்கிற அடுத்த வீட்டுக்காரர். அப்படி ஒருவர் அமைய எத்தனையோ ஆண்டு ஆகும். அறுபத்தைந்தில் புதிய இடத்துக்குப் போனால் அப்படி ஒருவரைச் சம்பாதித்துக்கொள்ளக் காலமும் தெம்பும் இருக்கும். எண்பதில் கஷ்டம். அந்தப் பழைய அண்டை வீட்டுக்காரரும் உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் யாரை நம்பி இருக்கிறீர்களோ அவரே அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டால்? கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மாறுவதென்றால்

மாறுவதற்குச் சரியான காரணம் தூரம். கார் ஓட்டுவதை நிறுத்தும் நாள் எல்லோருக்கும் வரும். மருந்துக்கடை, மருத்துவர், காய்கறி, நாலு பேரைப் பார்த்துப் பேச ஓர் இடம், இவை நடந்து போகிற தூரத்தில் இல்லாத வீட்டில், சாவியைக் கீழே வைக்கும் அன்றே நீங்கள் அடைபட்டுவிடுவீர்கள். வீட்டுக்குள் ஆயிரம் கைப்பிடி வைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தெருவை நம்மால் திருத்திக் கட்ட முடியாதே.

மாறும்போது ஒரு படுக்கையறை வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். இரண்டாவது அறை எதற்கு, பிள்ளைகள் வருவதே வருஷத்தில் பத்து நாள்தானே என்பார்கள். விருந்தாளியை வரவேற்பறையில் கூடப் படுக்க வைத்துவிடலாம். அந்த அறை வேண்டியது பின்னால் பார்த்துக்கொள்ள வந்து தங்கப்போகும் ஆளுக்கு. உதவிக்கு வருகிறவருக்குக் கதவு சாத்திப் படுக்க ஓர் அறை இல்லையென்றால் நல்ல ஆள் நிலைக்க மாட்டார். அதற்கும் முன்பே, ஒருவர் இருமிக்கொண்டே இருக்கும் ராத்திரியில் மற்றவர் தூங்கவும் அந்த அறைதான் உதவும்.

லிஃப்ட் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது நின்றுபோனால் என்ன கதி? மின்சாரம் போனால் ஓடுமா, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள், படுக்கையோடு ஒருவரை உள்ளே ஏற்ற இடமிருக்கிறதா? விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே குடியிருக்கும் வயதானவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், எல்லாம் சொல்லிவிடுவார். பராமரிப்புக் கட்டணம் ஐந்து ஆண்டுகளில் எப்படி ஏறியிருக்கிறது என்ற கேள்வியையும் அவரிடமே போட்டுவிடலாம். முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பு என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே இருக்க விடுவார்களா, வெளியேறினாலோ இறந்தாலோ கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்.

பிள்ளைகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் அவர்களுக்கு வேலை மாற்றம் வந்து அவர்கள் கிளம்பிவிட்டாலும் நீங்கள் இருக்க விரும்பும் ஊரா அது? இல்லை என்றால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிட நடந்து போகிற தூரத்தில் தனிக் குடித்தனம் இருப்பதுதான் உறவுக்கு நல்லது என்பது என் எண்ணம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.

பொருள்களின் பாரம்

மாறத் தயாராக இருப்பவர்களையும் தடுத்து நிறுத்துவது பரண்தான். பிள்ளைகளின் பள்ளிக் கோப்பைகள், பழைய கணினிகளின் காலி அட்டைப்பெட்டிகள், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிகள்.

கையில் இருப்பதன் மதிப்பை நாம் கூட்டித்தான் பார்ப்போம். டேனியல் கானமனும் ஜாக் நெட்ஷும் ரிச்சர்ட் தேலரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், முப்பது ஆண்டு குடியிருந்த வீட்டுக்கு என்ன சொல்வோம்? விற்பனைக்குப் போகும்போது நாம் மனதில் வைத்திருக்கும் விலைக்கும் சந்தை சொல்லும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி இதுதான். வாங்க வருகிறவர் உங்கள் மகள் நடை பழகிய கூடத்தைப் பார்க்க மாட்டார். குழாய் ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்பார்.

பிள்ளைகளின் பொருள்களுக்கு ஒரு தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள்: இதற்குள் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று. நீங்கள் பொக்கிஷமாக வைத்திருந்ததில் பாதியை அவர்களே வேண்டாம் என்பார்கள். கொஞ்சம் வலிக்கும், ஆனால் வேலை சீக்கிரம் முடியும். இருப்பதா, மாறுவதா என்று முடிவாகாதவர்களும் இதைச் செய்யலாம். எந்தப் பக்கம் போனாலும் வீணாகாத வேலை இது ஒன்றுதான்.

எப்போது?

ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் வேண்டாம். பகல் முழுதும் வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்றே அப்போது தெரியாது. சிலருக்கு அப்போதுதான் தோட்டத்தின் மேல் காதல் வருகிறது. துணையை இழந்த முதல் ஆண்டிலும் வேண்டாம். அதற்காக எண்பது வரை தள்ளிப்போடவும் கூடாது. மாறுவது உடல் உழைப்பு, மூளை உழைப்பு இரண்டும். புதிய பேருந்து வழி, புதிய மருத்துவர், புதிய சமையலறையில் கரண்டி எந்த இழுப்பறையில் என்பது வரை எல்லாம் மறுபடி மனதில் பதிய வேண்டும். மறதி நோய் ஆரம்பித்துவிட்டால் புதிய இடம் குழப்பத்தைக் கூட்டும். பழகிய வீட்டில் கையும் காலும் பழக்கத்திலேயே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

மோசமான நேரம், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வாரம். இடுப்பெலும்பு முறிந்து ஒருவர் படுத்திருக்க, பிள்ளைகள் விடுப்பு போட்டு வந்து நாலு நாளில் வீட்டைக் காலி செய்கிறார்கள். அங்கே யாருடைய விருப்பத்தையும் கேட்க நேரம் இருக்காது. மாறுவதுதான் என்றால் எழுபதைச் சுற்றி, இருவரும் பெட்டி தூக்கும் நிலையில் இருக்கும்போதே மாறுங்கள்.

இன்னும் மனம் ஊசலாடினால் விற்க வேண்டாம். பழைய வீட்டை ஓர் ஆண்டு வாடகைக்கு விட்டுவிட்டு, நீங்கள் நினைக்கும் பகுதியில் சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். மழைக்காலம், வெயில்காலம், ஒரு காய்ச்சல், பிள்ளைகளின் ஒரு வருகை எல்லாம் அதில் வந்துவிடும். அந்த ஆண்டில் அடிக்கடி எதைத் தேடினீர்கள் என்று குறித்து வையுங்கள். அலமாரி இடத்தைத் தேடினால் அது பழகிவிடும். மனிதர்களைத் தேடினால் திரும்பிவிடுவது நல்லது.

எந்தப் பக்கம் முடிவானாலும், கிளம்பும் முன்போ கொத்தனாரைக் கூப்பிடும் முன்போ காகித வேலையை முடித்துவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா, உயில் எழுதியாகிவிட்டதா, வங்கிக் கணக்கை இருவரும் தனித்தனியே இயக்க முடியுமா, மின்சாரமும் தண்ணீரும் யார் பெயரில்? விற்றால் வரி எவ்வளவு, வீட்டின் பேரில் மாதாமாதம் பணம் வாங்கும் திட்டம் உங்கள் நாட்டில் உண்டா என்பதையெல்லாம் கணக்கர் ஒருவரிடம் கேட்கும்போது, இருவரும் சேர்ந்தே போங்கள். இதுவரை இந்த விவரங்களில் தலையிடாதவர் எவரோ, கேள்விகளை அவர் கேட்கட்டும்.